ஞாயிற்றுக்கிழமையில் குத்தும் பல் கம்பி

கேள்வி: என் மகளுக்கு வயது 14. பல்லுக்குக் கிளிப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமை இரவு தட்டை கடித்தபோது பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு பிராக்கெட் கழன்றுவிட்டது. கடைவாயில் கம்பி கன்னத்தைக் குத்தி ரத்தமும் வந்தது. திங்கட்கிழமைதான் மருத்துவர் வருவார். கம்பியை நகவெட்டியால் வெட்டிவிடலாம் என்றார் என் கணவர். நான் பயந்து தடுத்துவிட்டேன். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் தடுத்ததே சரி, அம்மா. வெட்டுவது கடைசி வழி. முதலில் மகளை உட்காரவைத்து, கைபேசி விளக்கை அடித்து, கன்னத்தை விரலால் விலக்கி எது குத்துகிறது என்று பாருங்கள்.

கம்பியின் இரு முனைகளும் கடைவாய்ப் பற்களில் ஒட்டியிருக்கும் சிறு குழாய்களுக்குள் போய் நிற்கின்றன. கோணலான பற்கள் நேராக நேராக, கம்பி மிச்சப்பட்டுப் பின்பக்கம் நீட்டிக்கொள்ளும். முதல் சில மாதங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். பிராக்கெட் கழன்றால் கம்பி ஒரு பக்கமாக நகர்ந்துவிடவும் கூடும். அப்போது ஒரு கன்னத்தில் குத்தும், மறுபக்கம் குழாயைவிட்டே வெளியே வந்திருக்கும். சுத்தமான இடுக்கியால் கம்பியைப் பிடித்து மெல்லத் தள்ளினால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஈரப் பஞ்சுக்குச்சியால் பல்லை ஒட்டி மடக்கிப் பார்க்கலாம்.

அப்படியும் குத்தினால் மெழுகு. கிளிப் போடும்போது ஒரு சிறு டப்பாவில் கொடுத்திருப்பார்கள். பலர் அதை ஈரத்தின் மேல் வைத்து, ஒட்டவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டி, முனையை மூடும்படி அழுத்துங்கள். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. ஒரு டப்பா பள்ளிப் பையிலும் இருக்கட்டும்.

மெழுகும் நிற்கவில்லை, மருத்துவரையும் நெருங்க முடியவில்லை என்றால் மட்டுமே வெட்டலாம். அதுவும் அவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு. நகவெட்டியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள், துண்டு தொண்டைக்குள் போய்விடும். முனையைச் சுற்றி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மடித்து வைத்துக்கொண்டு வெட்டுங்கள். வெட்டிய முனையும் கூராகத்தான் இருக்கும். அதன் மேல் மெழுகு வையுங்கள்.

கழன்ற பிராக்கெட் கம்பியிலேயே தொங்கினால் அப்படியே விடுங்கள். கையோடு வந்துவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் பசையால் ஒட்டவே கூடாது. இரண்டு நாள் தாமதத்தால் சிகிச்சை கெட்டுவிடாது. வாரக்கணக்கில் விட்டால்தான் அந்தப் பல் பின்தங்கும்.

கன்னத்துப் புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கம்பி இறுக்கிய பிறகு வரும் வலி தனி. அது சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். குழைந்த சாதம், இட்லி, தேவைப்பட்டால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம்.

திங்கள்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பிராக்கெட்டோ கம்பித் துண்டோ வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானாக மலத்தில் வெளியேறிவிடும். ஆனால் அதன்பின் விடாத இருமலோ, மூச்சில் விசில் சத்தமோ, மூச்சுத் திணறலோ வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்; ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலும், கீழே விழுந்து அடிபட்டுப் பல் ஆடினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தட்டைக்காக மகளைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை கழன்றதை மறைத்துவிடும். இரண்டு மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை நேரம் கேட்கும்போதே எந்தப் பல்லில் பிராக்கெட் கழன்றது என்று சொல்லிவிடுங்கள். மறுபடி ஒட்டுவதற்குக் கம்பி இறுக்குவதைவிட அதிக நேரம் பிடிக்கும். சொல்லாமல் போனால் இன்னொரு நாள் வரச் சொல்ல நேரிடும்.