768 கட்டங்களும் பிரவுசரில் திக்காமல் ஓட

கேள்வி: எம்எல்எக்ஸ்90640 வெப்ப சென்சாரை இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டில் இணைத்து, அளவுகளை வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாக பிரவுசருக்கு அனுப்புகிறேன். 32×24 டேபிள் போட்டு, வரும் ஃபிரேம்களை ஒரு வரிசையில் சேர்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டங்களின் நிறத்தை மாற்றுகிறேன். போனில் திறந்தால் திக்குகிறது. வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் ரொம்ப நேரம் பழைய படமே ஓடுகிறது. ஆளில்லாத அறையிலும் சிவப்பும் மஞ்சளுமாக மின்னுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் டேபிளை விடுங்கள். 768 கட்டங்களும் பிரவுசருக்கு 768 தனி உறுப்புகள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனையின் ஸ்டைலையும் அது திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் 32 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரத்தில் ஒரே ஒரு கேன்வாஸ் (பிரவுசரில் நேரடியாகப் படம் வரையும் பரப்பு) போதும். ஆமாம், அவ்வளவு சின்னதுதான். இமேஜ்டேட்டாவில் (பிக்சல் நிறங்களின் பட்டியல்) பிக்சலுக்கு 4 பைட் வீதம் (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகாத் தன்மை) நிறத்தை நிரப்பி, புட்இமேஜ்டேட்டா கட்டளையால் ஒரே தடவையில் கேன்வாஸில் வைத்துவிட்டு, பெரிதாக்கும் வேலையைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விடுங்கள். கேன்வாஸின் ஸ்கேல் கட்டளை புட்இமேஜ்டேட்டாவைப் பாதிக்காது, அதில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் இமேஜ்-ரெண்டரிங் என்பதற்கு பிக்சலேட்டட் என்று கொடுத்தால்தான் கட்டங்கள் மங்காமல் கூராகத் தெரியும். நாலாவது பைட்டில் 255 வைக்க மறந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது.

பழைய படம் ஓடுவதற்குக் காரணம் அந்த வரிசைதான். டேப் மறைந்திருக்கும்போது, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் வரையச் சொல்லும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் நின்றுவிடும், ஆனால் வெப்சாக்கெட் செய்திகள் வந்துகொண்டே இருக்கும், அதனால் வரிசை நீண்டுகொண்டே போகும். நேரலைக் காட்சிக்கு வரிசையே தேவையில்லை: புது ஃபிரேம் வந்ததும் பழையதன் மேலேயே எழுதுங்கள், திரை வரையும் நேரம் வரும்போது கையில் எது இருக்கிறதோ அதை வரையுங்கள். நடுவில் சில ஃபிரேம் விட்டுப்போனால் போகட்டும். பதிவு வேண்டுமென்றால் அதை சர்வர் பக்கம் தனியாகச் சேமியுங்கள்.

அளவுகளை ஜேசனில் (எழுத்து வடிவத் தரவு) அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். வெப்பநிலையை நூறால் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக்கினால் ஒரு ஃபிரேம் 1536 பைட்டில் முடிந்துவிடும். பிரவுசர் பக்கம் வெப்சாக்கெட்டின் பைனரிடைப் என்ற அமைப்பை அரேபஃபர் (எண்களாக நேரடியாகப் படிக்கக்கூடிய வடிவம்) என்று மாற்ற வேண்டும், சும்மா விட்டால் பிளாப் (கோப்பு போன்ற பொட்டலம்) ஆகத்தான் வரும்.

சரி, நிறம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் திக்கினால் உடனே தெரிந்துவிடும், நிறம் பொய் சொன்னால் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைக் கண்டுபிடித்து அதற்குள் முழு நிறத்தையும் விரிக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. காலி அறையில் சுவருக்கும் தரைக்கும் உள்ள அற்ப வித்தியாசமும் சென்சாரின் இரைச்சலும்கூட அப்போது நெருப்பாகத் தெரியும். ஆட்களைப் பார்க்கத்தான் என்றால் 20 முதல் 40 டிகிரி என்று எல்லையை நிலையாக வைத்து, வெளியே போகும் அளவுகளை ஓரத்திலேயே நிறுத்துங்கள். 256 நிறங்களை முன்கூட்டியே ஒரு அட்டவணையாக வைத்துக்கொண்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் கணக்குப் போட வேண்டியதில்லை. வானவில் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள், இல்லாத விளிம்புகளை அவை காட்டும். மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் வரைபட நூலகம் 2017-இல் 2.0 பதிப்பில் ஜெட் என்ற வானவில் நிறவரிசையை விட்டு விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு மாறியதும் இதுபோன்ற குறைகளால்தான். வெப்பப் படத்துக்கு, கருப்பில் தொடங்கி மஞ்சள் வரை போகும் இன்ஃபெர்னோ நிறவரிசை நன்றாக இருக்கும். பக்கத்தில் டிகிரி போட்ட நிறப்பட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், படத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் விட்டுக் கட்டம் வேறுபட்டால் பிரவுசரை நோண்ட வேண்டாம். இந்த சென்சார் ஒரு தடவைக்குப் பாதிப் பிக்சல்களைத்தான் அளக்கும், அடுத்த தடவை மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்த பிறகு இஎஸ்பி32-இலிருந்து அனுப்புங்கள்.