பாண்டுங் பயணத்துக்குப் பணம் இருக்கிறது, பட்டியலுக்குத்தான் இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 58,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். 9 வயதில் ஒரு மகள். வரலாற்று ஆசிரியராக இருந்து மறைந்த என் அப்பா, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடி நேருவும் கலந்துகொண்ட பாண்டுங் மாநாட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார். இந்தோனேசியாவில் இருக்கும் அந்தக் குளிர்ந்த மலை நகரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக ஆர்.டி. கட்டி 1,60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆனால் மொத்தச் செலவு 2,70,000 வருகிறது. 2022-ல் வாங்கிய 2 லட்ச ரூபாய் தனிநபர் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கி 1,95,000, வட்டி 15 சதவீதம், மாதத் தவணை 9,500, இன்னும் 24 மாதம். இதன்மேல் 1,10,000 டாப்-அப் தருவதாகவும், எல்லாவற்றையும் நான்கு ஆண்டுக் கடனாக மாற்றினால் மாதம் 8,500 கட்டினால் போதும் என்றும் வங்கியில் சொல்கிறார்கள். காஷ்மீர், தாய்லாந்து போனபோதும் இப்படித்தான் சமாளித்தேன். ஒரு பயண நிறுவனம் வட்டியில்லாத் தவணை தருவதாகவும் சொல்கிறது. எதை எடுப்பது? என் அக்கா ஒரு காலத்தில் நகையை அடகு வைத்து என்னைப் படிக்கவைத்தவர்; வெளியூர் போகும்போது அவர் கேட்பதை மறுக்க மனம் வரவில்லை. செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த கணக்குத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கு விமான டிக்கெட் 84,000, விசா 8,000, ஆறு இரவு தங்க 18,000, ரயிலும் வண்டியும் 15,000, சாப்பாடு 15,000, நுழைவுக் கட்டணங்கள் 10,000, கைச்செலவு 10,000. இதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். கோட்டுக்கு மேலே இருப்பதைக் கூட்டிப் பாருங்கள்: 1,60,000. உங்கள் ஆர்.டி.யில் இருப்பதும் அதே தொகை.

கோட்டுக்குக் கீழே ஐந்து வரிகள். அக்கா குடும்பத்துக்குத் துணி 35,000. மாமியார் வீட்டுக்கு 30,000. கொழுந்தியாளுக்குக் கைப்பையும் காலணியும் 20,000. சித்தப்பா பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் 15,000. இத்தனையையும் தூக்கிவரக் கூடுதல் லக்கேஜ் கட்டணம் 10,000. மொத்தம் 1,10,000, வங்கி தர முன்வந்திருக்கும் டாப்-அப்பும் சரியாக அவ்வளவுதான். நீங்கள் பயணத்துக்குக் கடன் கேட்கவில்லை. அடுத்தவர் பெட்டியை நிரப்பக் கடன் கேட்கிறீர்கள்.

அவசரகாலச் சேமிப்பு, காப்பீடு என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு தவறாமல் ஆர்.டி. கட்டியவருக்கு அது தெரிந்திருக்கும். உங்களைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: உறவினர் தரும் பட்டியலை முன்பணம் எதுவும் வாங்காமல் ஏற்றுக்கொள்கிறீர்கள், அதைச் சமாளிக்க ஓடுகிற கடனை முடியவிடாமல் நீட்டிக்கொண்டே போகிறீர்கள். 2022-ல் வாங்கியது 2 லட்சம். இத்தனை காலம் தவணை கட்டிய பிறகும் பாக்கி 1,95,000. நகர்ந்தது ஐந்தாயிரம்! காஷ்மீர் சால்வைகளும் தாய்லாந்துக் கைப்பைகளும் இன்று யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ, அவற்றுக்கு இன்னும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அந்த 8,500 ரூபாய்த் தவணைக்கு வருவோம். மாதம் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்றுதான் கண் முதலில் போகும். இப்போதைய கடனை அப்படியே விட்டால் 9,500 வீதம் 24 மாதம், மொத்தம் 2,28,000 கட்டி வெளியே வந்துவிடுவீர்கள். டாப்-அப் எடுத்தால் ஏறத்தாழ 8,500 வீதம் 48 மாதம், அதாவது சுமார் 4,08,000. வித்தியாசம் 1,80,000. இதற்காகக் கைக்கு வருவது 1,10,000 என்கிறீர்கள்; அதுவும் முழுதாக வராது. மொத்தக் கடனான 3,05,000 மீது 2 சதவீத நடைமுறைக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடித்தால் ஏழாயிரத்துச் சொச்சம் போய்விடும். ஆக, 1,03,000 ரூபாய்க்கு 1,80,000 திருப்பித் தருகிறீர்கள். நடுவில் நிற்கும் 77,000 அக்காவுக்கும் போவதில்லை, மாமியாருக்கும் போவதில்லை. உங்கள் மகள் 9 வயதில் போட்டுப் பார்த்த சட்டைக்கு 13 வயது வரை தவணை ஓடும்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மொத்தப் பணம் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் இருப்பார்கள். அதற்குள் வட்டி உட்கார்ந்திருக்கும். அந்த வட்டிமீது வங்கி ஜிஎஸ்டி வசூலிக்கும். நடைமுறைக் கட்டணம் தனி. ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று வரும் செயலிகளும் இதே ரகம்தான். உங்கள் பயணத்துக்கு வேண்டிய பணம் கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

பட்டியலில் இருப்பவற்றைப் பற்றி உங்கள் தொழிலை வைத்தே ஒன்று சொல்ல வேண்டும். நான் பாண்டுங் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம் ரியாவ் தெருவில் மாட்டிக்கொண்டேன். ஜகார்த்தாவிலிருந்து வார இறுதிக்கு வந்த கார்கள் அடைத்துக்கொண்டு நிற்க, இரு பக்கமும் ஃபாக்டரி அவுட்லெட் கடைகளின் பைகளோடு கூட்டம். ஒரு கடைக்குள் போலோ பனியன் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். கழுத்துப் பட்டையின் உள்ளே லேபிள் பாதியாக வெட்டப்பட்டு, தையல் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விலைச்சீட்டில் 3,50,000 ரூபியா. நம் பணத்தில் 1,850 ரூபாய் வரும். பாண்டுங்கைச் சுற்றி ஜவுளி ஆலைகள் அதிகம்; ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதை விற்கத்தான் இந்தக் கடைகள் முளைத்தன. உங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளில் நடப்பதும் இதுதானே? லேபிள் வெட்டிய பனியன் அங்கே என்ன விலைக்குக் கிடைக்கும், உங்கள் நிறுவனத்தில் அதே ரகம் என்ன விலைக்குக் கப்பல் ஏறுகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். திருப்பூர்க்காரர் 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, இன்னொரு திருப்பூருக்குப் போய்ப் பனியன் வாங்கி, லக்கேஜுக்கும் காசு கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பூஜ்யங்கள் செய்யும் குழப்பமும் உண்டு. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 185 முதல் 190 ரூபியா வரை கிடைக்கிறது. முதல் நாள் லட்சம் என்ற விலையைப் பார்த்து மிரள்வீர்கள். மூன்றாம் நாள் லட்சத்துக்கு மரியாதையே போய்விடும். பட்டியல் கையில் இருந்தால் அந்த மூன்றாம் நாளில்தான் பணம் கரையும்.

கணக்கு மட்டும் பார்த்தால், அந்த 1,60,000-ஐக் கடனில் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். மீதிக் கடன் நான்கு மாதத்தில் முடிந்து, வட்டியில் சுமார் 30,000 மிச்சமாகும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இருந்தாலும் போய் வாருங்கள் என்பதே என் முடிவு. அப்பாவின் நினைவுக்காக இரண்டு ஆண்டு சேர்த்த பணம் அது. இப்போது போகாவிட்டால் அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு கல்யாணச் செய்முறையில் அது கரைந்துபோகும். இதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்களோ அதற்குச் செலவே இல்லை. 1955 ஏப்ரல் 18 முதல் 24 வரை 29 நாடுகள் கூடிய மெர்தேக்கா மண்டபம் ஆசியா ஆப்பிரிக்கா சாலையில் இருக்கிறது. அதை ஒட்டிய மாநாட்டு அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. நேருவும் எகிப்தின் நாசரும் சீனாவின் சூ என்லாயும் வந்த மாநாடு அது. பக்கத்து ஹோட்டலிலிருந்து தலைவர்கள் நடந்தே மண்டபத்துக்கு வந்த அந்தச் சிறு தூரத்தை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். உங்கள் அப்பா சொன்னதையெல்லாம் அங்கே அவளுக்குச் சொல்லலாம்.

செலவில் கவனிக்க வேண்டியவை சில. வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை ஹோட்டல் வாடகையும் நெரிசலும் ஏறும். பாண்டுங்கில் திங்கள் முதல் வெள்ளிக்குள் தங்கிவிட்டுக் கிளம்புங்கள்; ஆறு இரவில் மீதியை ஜகார்த்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய வூஷ் அதிவேக ரயில், ஜகார்த்தாவின் ஹலிம் நிலையத்திலிருந்து பாண்டுங் பக்கத்துக் கடைசி நிலையம் வரை 142 கி.மீ. தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. ஊருக்குள் தங்குபவர்கள் கடைசி நிலையம் வரை போகாமல் படலராங்கில் இறங்கி, இணைப்பு ரயிலில் பழைய பாண்டுங் நிலையத்துக்குப் போவது நல்லது. பழைய தடத்தில் சாதாரண ரயில் சுமார் மூன்று மணி நேரம் எடுக்கும். மலைச்சரிவும் வயலும் பார்த்துக்கொண்டு போக அதுவே அழகு. ஒரு பக்கம் அதில், மறுபக்கம் இதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,084 மீட்டர் உயரமுள்ள தங்குபான் பராகு எரிமலையில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், உள்ளூர்க்காரர் தருவதைவிடப் பல மடங்கு. கந்தக வாடை மூக்கில் ஏற, பள்ளத்திலிருந்து புகை எழும்புவதைப் பார்க்க அதைக் கொடுக்கலாம். ஆனால் தெற்கே காவா பூத்தே என்ற வெள்ளை ஏரியும் எரிமலை வாய்தான். நுழைவுக்கு வைத்திருக்கும் பத்தாயிரத்துக்குள் நிற்க வேண்டுமானால் இரண்டில் ஒன்று போதும். சாயங்காலம் பாண்டுங்குக்கு வடக்கே உள்ள லெம்பாங்கில் குளிர் இறங்கும்போது பண்ட்ரெக் கேளுங்கள். இஞ்சியும் பனைவெல்லமும் போட்ட சூடான பானம். நம் சுக்குக் காப்பிக்குப் பங்காளி. விலையும் கையைக் கடிக்காது.

விசா ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. உங்கள் கணக்கு சரி. கார்டு இயந்திரம் ‘இந்திய ரூபாயிலா, ரூபியாவிலா’ என்று கேட்டால் ரூபியாவையே சொல்லுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக்கென 3.5 சதவீதம் வரையும் அதற்கு ஜிஎஸ்டியும் ஏறும்; பல டெபிட் கார்டுகளிலும் இப்படிக் கட்டணம் உண்டு. அதனால் கொஞ்சம் ரொக்கம், இந்தக் கட்டணம் இல்லாத அல்லது குறைவான ஒரு டெபிட் கார்டு போதும். கிரெடிட் கார்டை ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று மனைவியின் பையில் வைத்துவிடுங்கள்.

இப்போது அக்கா. நகையை அடகு வைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவர், அவன் தன் பெயரைச் சொல்லி நான்கு ஆண்டுக் கடனில் மாட்டிக்கொள்வதை விரும்புவாரா? அவருக்கு உங்கள் கடன் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். ‘அக்கா, இந்த முறை துணி வாங்கி வரவில்லை, கடன் இவ்வளவு நிற்கிறது’ என்று தொகையோடு சொல்லுங்கள். மாமியார் வீட்டில் உங்கள் மனைவி பேசட்டும். மற்ற இருவருக்கும் ‘பணம் அனுப்பினால் வாங்கி வருகிறேன், பெட்டியில் இடம் இருக்கும் வரை’ என்று ஒரே செய்தி போதும். பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். வெறுங்கையோடு வர வேண்டாம். பஞ்செய் தெருவில் 1930 முதல் நடக்கும் அரோமா காப்பிக் கடையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் காப்பித்தூள் வாங்குங்கள். நான்கு வீட்டுக்கும் சேர்த்துக் கைச்செலவிலேயே அடங்கும்.

24 மாதம் கழித்துக் கடைசித் தவணை போகும். அடுத்த மாதச் சம்பளத்தில் அந்த 9,500 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போய், அவருக்குப் பிடித்த புடவையை அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.