அக்கா பதில்கள்: ஸ்டாக்ஹோமில் பதினொரு மணிச் சோறு

கேள்வி: அக்கா, மகள் ஸ்டாக்ஹோமில் படிப்பை முடித்துப் பட்டம் வாங்குகிறாள். நானும் அவள் அப்பாவும் பத்து நாள் போகிறோம். இதுவரை நாங்கள் போன தூரம் லங்காவிதான். மாட்டிறைச்சி தொடமாட்டோம். அங்கே வெளியில் சாப்பிட்டால் வீட்டை அடகு வைக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கே போய்ச் சாப்பிடுவது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வீட்டை அடகு வைக்காதீர்கள், தங்கை. இரவில் கடைக்குப் போகாமல் இருந்தால் போதும். மருமகளின் பேறுகாலத்துக்காக மூன்று மாதம் அந்த ஊரில் இருந்தேன். முதல் வாரமே இரவுச் சாப்பாட்டுக்குப் போய், ஒரு தட்டுக்கு 250 குரோனர் (சுவீடன் காசு), அதாவது ஏறக்குறைய நூறு மலேசிய வெள்ளி கொடுத்துவிட்டு, தூக்கம் வராமல் புரண்டேன்.

மறுநாள் மகன் ஒரு கடை வாசலில் இருந்த பலகையைக் காட்டினான். 'டாகென்ஸ் லன்ச்' என்று எழுதியிருந்தது. அன்றைய மதிய உணவு. வேலை நாள்களில் பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணியோடு முடிந்துவிடும். 150 குரோனர் அளவில் ஒரு தட்டு. காய்கறிக் கலவை, ரொட்டி, கடைசியில் காப்பி எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். குழாய்த் தண்ணீர் இலவசம். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் போய், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பதினொன்றரைக்குச் சோற்றில் கை வைப்பார். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் அதே நேரத்தில் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வேளையில் வயிறாரச் சாப்பிடுங்கள். இரவுக்கு மகள் வீட்டில் ரொட்டியும் முட்டையும் போதும்.

மாட்டிறைச்சிக்கு அவர்கள் மொழியில் 'நொத்' என்று தொடங்கும் சொல். முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளுக்கும் அதே 'நொத்' என்பதால், படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும். ஊர் முழுக்க விற்கும் இறைச்சி உருண்டையில் பொதுவாக மாடும் பன்றியும் கலந்திருக்கும். ஆசையாக இருந்தால் சோடர்மால்ம் பகுதியில் 'மீட்பால்ஸ் ஃபார் தி பீப்பிள்' என்ற கடைக்குப் போங்கள். ரெயின்டீர் மான், எல்க் மான் என்று தனித்தனியாக உருட்டி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை கவனம். ஒரு சின்னக் கடையில் மஞ்சளாக, கெட்டியாக, ஆவி பறக்க ஒரு சூப் வந்தது. பருப்பேதான் என்று இரண்டு கரண்டி விழுங்கினேன். மூன்றாவது கரண்டியில் பன்றித் துண்டு. வியாழன்தோறும் மஞ்சள் பட்டாணிச் சூப்பும், அதன் பின் ஜாம் தடவிய பான்கேக்கும் அவர்களின் பழைய வழக்கமாம். கேட்காமல் சாப்பிட்டது என் பிழை. மிச்சத்தை வீட்டுக்காரர் ஒரு சொட்டு விடாமல் முடித்தார். 1577-இல் சிறையில் கிடந்த பதினான்காம் எரிக் மன்னனுக்கு இந்தச் சூப்பில்தான் விஷம் வைத்தார்கள் என்று மகன் பிறகு சொன்னான். முன்பே சொல்லியிருக்கலாம்.

நமக்கு ஏற்றது மீன். ஸ்லுஸ்ஸென் பக்கம் பொரித்த மீன் விற்கும் வண்டி ஒன்று உண்டு. 'ஸ்ட்ரொம்மிங்' என்ற சின்ன மீன், நம் மத்திக்குச் சொந்தக்காரன். முள்ளை நீக்கி, இரண்டிரண்டாக ஒட்டி, மாவில் புரட்டிப் பொரித்து, மசித்த உருளைக்கிழங்கின் மேல் வைத்துத் தருவார்கள். கூடவே வெங்காயம், சதகுப்பைக் கீரை. குளிரில் நின்றுகொண்டு, விரல் சுடச் சுடச் சாப்பிட்டேன். மிளகாய்தான் இல்லை.

சைவம் தேடும் நாளில் ஃபியல்காத்தான் தெருவில் 'ஹெர்மான்ஸ்'. குன்றின் விளிம்பில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்தபடி, வேண்டியதை எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம். 1888-இல் கட்டிய ஓஸ்டர்மால்ம் சந்தைக் கட்டடம் அழகு, விலை அழகில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். மாலையில் பசியாற 1928-இல் தொடங்கிய 'வேத்தே கத்தன்' காப்பிக்கடை. எல்லாரும் இலவங்கப்பட்டை பன் வாங்குவார்கள். நீங்கள் ஏலக்காய் பன் கேளுங்கள். ஏலக்காயை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டிருப்பார்கள், பல்லில் கறுப்பாகத் தட்டுப்படும். பொங்கல் பாயச வாசனை அப்படியே.

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளும் அப்போதுதான் வருகிறது. ஒரே ஒரு நாள் ஆடம்பரமாகச் சாப்பிட?
அதே வாசகி

பதில்: அப்படியென்றால் இரவில் போகலாம், திட்டமாட்டேன். பழைய நகரில் 'டென் கில்டெனே ஃப்ரேடன்', 1722 முதல் நடக்கும் உணவகம். இலக்கிய நோபல் பரிசை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் சுவீடிஷ் அகாடமிதான் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். முன்கூட்டியே மகளை இடம் பிடிக்கச் சொல்லுங்கள். ரொக்கம் கட்டாக எடுத்துப் போகாதீர்கள்; அந்த ஊரில் பல கடைகள் காசை வாங்குவதே இல்லை, வங்கி அட்டைதான்.

கேள்வி: நெத்திலி சம்பால் புட்டி கொண்டு போகலாமா?
வாசகர், பீடோர்

பதில்: நான் கொண்டு போனேன். மீன் வண்டிக்குப் போன இரண்டாவது நாள் கைப்பையில் இருந்தது.