'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் எங்கு திரும்பினாலும் எதிர்ப்படும் 'ரன்' என்ற சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சொல்லுக்கு அர்த்தப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள், பின்னால் எந்தச் சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அர்த்தம் தானே பிடிபடும்.

கல்லூரி மாணவர்: மேடம், இந்த ஒரு சொல்லுக்கு 645 அர்த்தம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அதுவும் வினைச்சொல்லாக வரும்போது மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு அது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது. அதை விளக்கவே சுமார் 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பிறகு அகராதியைத் திருத்தத் தொடங்கினார்கள். 2000-இல் 'மேக்' முந்தியது, 2007-இல் 'புட்' முந்தியது, 2011-இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு வினையோடு ஒன்பது மாதத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துவைக்கும்போது துணியில் சாயம் இறங்குவது எல்லாவற்றுக்கும் 'ரன்'தான். அகராதிக்காரர் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவார். படிக்கிற நமக்கு, திரவம் நிற்காமல் போகிறது என்ற ஒரே எண்ணம் போதும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'ரேன் அப் எ ஹில்', 'ரேன் அப் எ பில்' இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அருமையான கேள்வி, இலக்கண வகுப்புகளில் பல காலமாக அலசப்படுவதும்கூட. 'ஷி ரேன் அப் எ ஹில்' என்றால் மேட்டின் மேலே ஓடினாள். 'ஷி ரேன் அப் எ பில்' என்றால் செலவு செய்து செய்து பாக்கியை ஏற்றிவிட்டாள்.

முதல் வாக்கியத்தில் 'அப்' என்பது மேட்டோடு சேர்ந்தது: 'அப் எ ஹில்' என்பது ஒரு துண்டு, எங்கே ஓடினாள் என்ற கேள்விக்குப் பதில். இரண்டாவதில் 'அப்' வினையோடு சேர்ந்தது: 'ரேன் அப்' என்பதே ஒரு துண்டு.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 'அப்' என்பதைத் தூக்கிக் கடைசியில் வையுங்கள். 'ஷி ரேன் எ பில் அப்' சரியாக வருகிறது. 'ஷி ரேன் எ ஹில் அப்' எந்த ஆங்கிலேயர் வாயிலும் வராது. பெயருக்குப் பதில் 'இட்' போட்டால் இன்னும் தெளிவாகும்: பாக்கிக்கு 'ரேன் இட் அப்', மேட்டுக்கு 'ரேன் அப் இட்'. இந்த ஒரு சோதனை கைவந்துவிட்டால் 'ரன்' மட்டுமல்ல, 'லுக் அப்', 'டர்ன் ஆஃப்' போன்ற நூற்றுக்கணக்கான கூட்டு வினைகளும் வசப்படும். தேர்வில் இந்த இடத்தில் மதிப்பெண் விடுபவர்கள் ஏராளம். பத்து வாக்கியம் எடுத்து நீங்களே மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்: 'ரன்' வரும் இடத்திலெல்லாம் 'ஓடு' போட முடியவில்லை. எங்கே போடலாம், எங்கே கூடாது?

நம் 'ஓடு' என்ற வினையும் லேசுப்பட்டதல்ல. வண்டி ஓடுகிறது, படம் 100 நாள் ஓடியது, தண்ணீர் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கெல்லாம் இரண்டு மொழியும் கைகோத்துப் போகின்றன. தயங்காமல் 'ஓடு' போடுங்கள்.

சிக்கல் வருவது, ஒருவர் இன்னொன்றை இயக்கும்போதுதான். ஆங்கிலத்தில் வடிவம் மாறுவதில்லை. 'தி மெஷின் ரன்ஸ்', 'ஷி ரன்ஸ் தி மெஷின்' இரண்டுக்கும் ஒரே 'ரன்'. தமிழில் தானாக நடப்பதற்கு 'ஓடு', பிறர் செய்விப்பதற்கு 'ஓட்டு' என்று வடிவமே பிரிந்துவிடும். நிறுவனம், பள்ளி, கடை என்று வந்தால் 'ஓட்டு' என்பதும் ஒட்டாது, 'நடத்து' என்போம். ஆங்கிலேயர் பள்ளியை ஓட விடுகிறார், நாம் நடக்க விடுகிறோம்! 'குடும்பத்தை ஓட்டுகிறேன்' என்றும் சொல்வோம்தான். ஆனால் அதில் கஷ்டப்பட்டுச் சமாளிப்பது தொனிக்கும். 'ஹி ரன்ஸ் தி ஹவுஸ்ஹோல்டு' என்பதில் அந்தத் தொனி இல்லை. ஆகவே அங்கே 'நிர்வகிக்கிறார்', 'பார்த்துக்கொள்கிறார்' என்பதே பொருத்தம்.

'தி ஃபென்ஸ் ரன்ஸ் அலாங் தி ரோடு' என்பதில் எதுவும் நகரவில்லை. பார்ப்பவர் கண்தான் வேலியோடு போகிறது. சாலையோரமாக வேலி போகிறது என்று எழுதலாம். 'இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி' வந்தால் பரம்பரையாக வருவது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால், வெளியிட்டது.

பள்ளி ஆசிரியர்: அமெரிக்கர் தேர்தலில் 'ரன்' செய்கிறார், பிரிட்டன்காரர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். எது சரி?

இரண்டும் சரி, அவரவர் நாட்டில். அமெரிக்காவில் 'ரன் ஃபார் பிரசிடென்ட்'. பிரிட்டனில் 'ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்'. தேர்தலில் நிற்கிறார் என்று சொல்லும் நாம் இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கம். காலுறையில் இழை பிரிந்து நீளமாகக் கிழிந்து போவதற்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு: அமெரிக்கருக்கு 'ரன்', பிரிட்டன்காரருக்கு 'லேடர்'.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்: அக்கா, 'டைம் இஸ் ரன்னிங் அவுட்', 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்' – எதில் 'ஆஃப்' போடுவது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

எழுவாயைப் பாருங்கள் தம்பி. தீர்ந்துபோகிற பொருளே எழுவாயாக வந்தால் 'ஆஃப்' வேண்டாம்: நேரம் தீர்கிறது, 'டைம் இஸ் ரன்னிங் அவுட்'. அதைக் கையில் வைத்திருப்பவர் எழுவாய் என்றால் 'ஆஃப்' கட்டாயம்: நம்மிடம் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்'. 'வீ ஆர் ரன்னிங் அவுட்' என்று மட்டும் எழுதிவிட்டால், எது தீர்கிறது என்பது முன்பின் பேச்சிலிருந்து தெரிந்தாக வேண்டும். பாஸ்போர்ட் போன்றவை 'ரன் அவுட்' ஆனால் காலாவதி. கிரிக்கெட்டில் வரும் 'ரன் அவுட்' முற்றிலும் வேறு வகை. அங்கே 'அவுட்' என்பது ஆட்டமிழப்பது.

இல்லத்தரசி: 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 'தி மீட்டிங் ரேன் ஓவர்' என்கிறார்களே?

கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள், அம்மா. தொட்டி நிரம்பி வழிந்தாலும் 'ரன் ஓவர்'தான். எல்லையைத் தாண்டுவது பொதுவான எண்ணம்.

பொருளாதார மாணவி: 'ரன் ஆன் தி பேங்க்' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் வங்கியை நோக்கி ஓடுவது. டெபாசிட் முழுவதையும் வங்கி ரொக்கமாக வைத்திருக்காது, பெரும்பகுதியைக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். 'வங்கி விழுந்துவிடும்' என்ற பயம் பரவினால் எல்லோரும் கேட்பார்கள், கொடுக்க முடியாமல் வங்கி உண்மையிலேயே விழும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலர் வெளியேறியது. பெரும்பாலும் இணையம் வழியாகவே பணம் போனது. கால் வைத்து ஓட யாருக்கும் அவசியமில்லாமல் போனாலும் சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏதேனும் ஒரு பொருளை மக்கள் முண்டியடித்து வாங்கினாலும் அதற்கு 'எ ரன் ஆன்' என்பார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: 'ஹேஸ் ரேன்' சரியா?

தவறு. ரன், ரேன், ரன். 'ஹி ரேன்', ஆனால் 'ஹி ஹேஸ் ரன்'. செயப்பாட்டு வினையிலும் 'இஸ் ரன் பை'.

செய்தியாளர்: 'ரன் தி காண்ட்லெட்' என்பதில் வரும் காண்ட்லெட் கையுறைதானே? கையுறையை எப்படி ஓடுவது?

எழுத்து ஒன்றானாலும் வேர் வேறு. ஸ்வீடிஷ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு, 'லொப்' என்றால் ஓட்டம். இரண்டு வரிசையாக நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவே குற்றவாளியை ஓடவிட்டு, இரு பக்கத்திலிருந்தும் அடிக்கும் பழைய ராணுவத் தண்டனை அது. ஆங்கிலத்துக்கு வந்தபின் கையுறையைக் குறிக்கும் சொல்லோடு கலந்து, அதன் எழுத்தையே பெற்றுவிட்டது. இன்று நாலாபுறமும் வசை வாங்கிக்கொண்டு ஒன்றைக் கடந்து போவதற்குச் சொல்கிறார்கள்.

பிழை திருத்துபவர்: 'தி வெல் ரேன் ட்ரை', 'ஐயாம் ரன்னிங் லேட்' – இங்கே ஓட்டம் எங்கே இருக்கிறது?

ஓட்டம் இல்லை, நிலைமாற்றம் இருக்கிறது. பின்னால் ஒரு பெயரடை வந்தால் 'ரன்' ஏறக்குறைய 'ஆகு' என்ற வேலையைச் செய்கிறது: கிணறு வற்றிப்போனது. 'ரன்னிங் லேட்' என்றால் நினைத்த நேரத்துக்குப் பின்தங்கியிருக்கிறேன். சொல்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லலாம். 'ஃபைவ் டேஸ் ரன்னிங்' என்று கடைசியில் வந்தால் தொடர்ந்து ஐந்து நாள். 'ரன்னிங் எ ஃபீவர்' காய்ச்சல் அடிப்பது. இந்தக் கடைசி வகையை ஏன் என்று தோண்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர்: 'டேக் எ ரிஸ்க்', 'ரன் எ ரிஸ்க்' இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? ஆவணம் எழுதும்போது உறுத்துகிறது.

உறுத்துவது நியாயம்தான். 'டேக்' என்றால் தெரிந்தே, ஒரு பலனை எதிர்பார்த்து இறங்குவது. 'ரன்' என்றால் ஆபத்து நேரக்கூடிய நிலையில் இருப்பது. அதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஹெல்மெட் போடாமல் போகிறவரைப் பற்றி 'ரன்ஸ் தி ரிஸ்க் ஆஃப் இன்ஜுரி' என்று எழுதினால் அவருடைய நிலையைச் சொல்கிறீர்கள். 'டேக்ஸ் தி ரிஸ்க்' என்றால் அவருடைய முடிவைச் சொல்கிறீர்கள். பொறுப்பு யாருடையது என்று வாதம் வரக்கூடிய பத்தியில் எந்த வினையைப் போடுகிறீர்கள் என்பதை இரண்டு முறை பாருங்கள்.