முதல் டைவிங், முதல் தியோமான்: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்கு முதன்முறையாக ஸ்கூபா டைவிங் கிளம்பும் நம்மவர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். காதைப் பற்றித்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் அதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

அண்ணே, டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாமா? (உட்லண்ட்ஸ்)

வேண்டாம் தம்பி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும், தங்குமிடங்களும் டைவ் கடைகளும் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும். நம் நீண்ட விடுமுறை சரியாக அதில் போய் விழுகிறது, என்ன செய்ய! ஜூன் விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். டிசம்பரில்தான் முடியும் என்றால் தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் பாருங்கள், அங்கே அப்போது நல்ல பருவம்.

இன்னொன்று. தீவுக்குப் படகு ஏறும் ஊரான மெர்சிங்கிலிருந்து படகு புறப்படும் நேரம் கடல் ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். படகு நேரத்தைக் கேட்டுவிட்டுப் பஸ் டிக்கெட் எடுங்கள். மாற்றி எடுத்தால் மெர்சிங் படித்துறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகியிருந்தால் ஜூனியர் சான்றிதழ் படிக்கலாம்.

எனக்கு நீச்சல் அரைகுறை. நடக்குமா? (பொங்கோல்)

அறிமுக டைவ் என்றால் நடக்கும். பயிற்றுநர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே போகமாட்டார்கள். ஓப்பன் வாட்டர் என்னும் முதல்நிலை டைவிங் சான்றிதழ் வேண்டும் என்றால் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் யாரும் பார்ப்பதில்லை. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் சிங்கப்பூரிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் வாரக்கடைசியில் தியோமானில் செய்கிற ஏற்பாடு இங்கே நிறைய உண்டு. லீவு அதிகம் செலவாகாது.

குளத்தில் மூன்று மீட்டருக்கே காது வலித்தது. கடலில் எப்படி? (ஜூரோங்)

வலி வந்த பிறகு காதின் அழுத்தத்தைச் சரிசெய்யப் பார்த்திருப்பீர்கள். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

தண்ணீருக்கு மேலே இருப்பதைவிட 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. அடுத்த 10 மீட்டருக்கு மூன்று மடங்குதான். ஆக, நடுக்காதில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குவது முதல் 10 மீட்டரிலேயே. மேலே இந்தச் சில மீட்டர்களை நிதானமாகக் கடந்துவிட்டால், அப்புறம் காது பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

தலை நனையும் முன்பே மூக்கைப் பொத்தி ஒரு தரம் மெல்ல ஊதுங்கள். இறங்க ஆரம்பித்ததும் அரை மீட்டருக்கு ஒரு தரம். காலைக் கீழே விட்டு, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குங்கள். ஒரு பக்கம் திறக்கவில்லையா? பயிற்றுநருக்குக் காதைக் காட்டிவிட்டு ஒரு மீட்டர் மேலே ஏறி, தாடையை அசைத்து மறுபடி பாருங்கள். முக்கி ஊதவே கூடாது, உட்காது கெட்டுப்போகும். கூட வந்தவர்கள் கீழே காத்திருந்தால் இருக்கட்டும்.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தின் வேகம் பாதியில் குறைந்தால், ஏறும்போது காற்று வெளியே வர வழியிருக்காது. இறங்காமல் இருப்பது நம் கையில், ஏறாமல் இருக்க முடியுமா? கட்டிய காசு போனால் போகட்டும்.

மீசை இருந்தால் மாஸ்க்கில் தண்ணீர் வருமாமே? கண்ணாடியும் போடுகிறேன். (செங்காங்)

கொஞ்சம் வரும். மீசையை எடுக்க வேண்டாம், மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் போதும், மாஸ்க்கின் ஓரம் தோலில் ஒட்டும். வாசலின் தடவாதீர்கள், சிலிக்கோன் கெடும். சிரித்தாலும் கன்னம் மடிந்து தண்ணீர் வரும், அதற்கு மருந்தில்லை!

வாங்கும்போது வாரைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் உங்கள் முகத்துக்கு அது சரி. பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் கிடைக்கிறது. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், குறைந்த பவர்காரர்கள் சும்மாவே சமாளிப்பார்கள்.

தாலியைக் கழற்ற மனமில்லை. (ஈசூனிலிருந்து ஓர் அக்கா)

கழற்ற வேண்டாம் அக்கா. கொடியை வெட்சூட்டுக்குள் (உடம்போடு ஒட்டும் டைவிங் உடை) விட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிடுங்கள். வெளியே தொங்கினால் மூச்சுவிடும் ரெகுலேட்டரின் குழாயில் மாட்டும். டைவ் முடிந்து வெட்சூட்டை உரிக்கும்போது இன்னும் கவனம், அவசரமாக இழுத்தால் கொடியும் சேர்ந்து வரும். வளையல், கொலுசு, மோதிரம் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவினால் தேடிக் கிடைக்காது.

சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. சொல்லணுமா? (பிடோக்)

கட்டாயம். படிவத்தில் மறைக்காதீர்கள். டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

முதல் டைவில் எல்லோரும் செய்யும் தப்பு எது? சுறா வந்தால்? (தேக்கா)

தப்பு என்றால் தலையாட்டல்தான்! பயிற்றுநர் "சரியா" என்று சைகையில் கேட்டதும் நம்மாட்கள் பக்கவாட்டில் தலையை ஆட்டுவார்கள், அவருக்கு ஒன்றும் புரியாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகணும்" என்று அர்த்தம், உங்களைக் கூட்டிக்கொண்டு ஏறிவிடுவார். எந்த நிலையிலும் மூச்சை அடக்காதீர்கள். அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியும்.

தியோமானை ஒட்டிய ரெங்கிஸ் என்னும் குட்டித் தீவருகே கருமுனைச் சுறாக்கள் திரியும். நம்மைக் கண்டால் விலகிப் போய்விடும். நான் தள்ளி நிற்பது டைட்டன் டிரிகர் மீனிடம்தான். கூடு கட்டியிருக்கும்போது துரத்திக் கடிக்கும். கூட்டுக்கு மேலே போகப் போக விரியும் கூம்புபோல உள்ள பகுதி முழுக்க தன்னுடையது என்று நினைக்கும் மீன் அது. ஆகவே மேலே ஏறாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

திரும்பும் வழியில் கெந்திங் மலைக்குப் போகலாமா? (சுவா சூ காங்)

அன்றைக்கே வேண்டாம். பல டைவ்களுக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், அதற்கும் அதே கணக்குதான். பத்து மலைப் படிகள் அவ்வளவு உயரமில்லை, தாராளமாக ஏறலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (பாசிர் ரிஸ்)

சிரமம். கிராமத்துக் கடைகளில் காய்கறி நாசி கோரேங் கேட்டாலும் சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், "பெலாச்சான் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். புளிச்சோறு, ஊறுகாய், பிஸ்கட் கையோடு இருக்கட்டும். படகு ஏற ஒரு மணி நேரம் முன்னால் வாந்தி மாத்திரை. ரொக்க ரிங்கிட்டை மெர்சிங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.