பதில்: கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் இரவில் அலறி எழுகிறார், வைத்தியசாலைக்கு வர மறுக்கிறார்

சகோதரி, கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு உங்கள் கணவர் கட்டிலுக்கடியில் பதுங்கியதையும், அதன்பின் குடி கூடியதையும், மகன் அவருக்கு அருகில் படுக்க அஞ்சுவதையும் எழுதியிருந்தீர்கள். போர்முனையில் உயிரைக் காத்த விழிப்புநிலை வீடு திரும்பிய பின்னும் அடங்க மறுப்பதே இது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் இதனை நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவாக ஆராய்வார்கள். பேச்சுவழிச் சிகிச்சையாலும், சில வாரங்களில் பலன் காட்டத் தொடங்கும் மருந்துகளாலும் இதனைக் குறைக்க முடியும்.

'விசர்' என்ற பெயர் வந்துவிடும் என்று அவர் அஞ்சுவது, ஆளை ஆள் அறிந்த திருகோணமலையில் நியாயமானதே. ஆகவே உளநலம் பற்றிப் பேசாமல், உறக்கமின்மைக்காக என்று சொல்லி மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியே பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவிலும் இயங்கும். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவை அதிகாரசபை படையினரின் குடும்பங்களுக்கும் உரியது, அங்கும் விசாரியுங்கள்.

அலறும்போது தொட்டு உலுக்காமல், சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அவர் குடிப்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.