பையை ‘ராப்’ செய்ய முடியுமா?

கேள்வி: பூங்கா பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தபோது அருகில் வைத்திருந்த என் கைப்பை களவுபோயிற்று. ஆங்கிலத்தில் எழுதிய புகாரில் ‘மை பேக் வாஸ் ராப்டு’ என்றிருந்தேன். காவல் நிலைய எழுத்தர் அதை ‘ஸ்டோலன்’ என்று மாற்றச் சொன்னார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எழுத்தர் சொன்னதே சரி. ‘ஸ்டீல்’ என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக வருவது களவுபோன பொருள்; ‘ராப்’ என்னும் வினைக்கோ, பறிகொடுத்த ஆளோ இடமோதான் செயப்படுபொருள். பையை ‘ஸ்டீல்’ செய்வார்கள். உங்களையோ ஒரு வங்கியையோதான் ‘ராப்’ செய்வார்கள். ‘ஐ வாஸ் ராப்டு’ என்று எழுதியிருந்தால் இலக்கணப் பிழை இருந்திருக்காது. ஆனால் வழக்கே வேறாகியிருக்கும்.

இந்திய தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் ‘தெஃப்ட்’டையும் 390ஆம் பிரிவில் ‘ராபரி’யையும் தனித்தனியே வரையறுத்திருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 303, 309ஆம் பிரிவுகள். நீங்கள் உறங்கும்போது ஒருவன் பையை மெல்ல எடுத்துச் சென்றால் அது தெஃப்ட். நீங்கள் விழித்துக்கொண்டு பையின் வாரைப் பற்ற, அவன் உங்கள் மணிக்கட்டை முறுக்கி விடுவித்துக்கொண்டு ஓடினாலோ, கத்தியைக் காட்டி அஞ்சவைத்தாலோ அது ராபரி. பையும் அதேதான், உள்ளிருந்த சில்லறையும் அதேதான். ஆனால் முதன்முறை பிடிபடும் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டாக இருக்கும் சிறைத்தண்டனையின் உச்சவரம்பு, ராபரிக்குப் பத்தாண்டு. அதுவே சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்காண்டு.

இந்தக் குழப்பத்தில் நம் செய்தித்தாள்களுக்கும் பங்குண்டு. பூட்டிக் கிடந்த வீட்டில் நகை போனாலும் ‘கொள்ளை’ என்றே தலைப்பிடுகிறார்கள். ஆளே இல்லாத வீட்டில் யாரை அச்சுறுத்துவது? ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘பர்க்ளரி’. மறைவில் நடப்பதைக் களவு என்றும், வழிச்செல்வோரைத் தாக்கிப் பறிப்பதை ஆறலைத்தல் என்றும் பழந்தமிழ் பிரித்தே வழங்கியது. இன்றைய சொற்களில் ‘ராபரி’க்கு ‘வழிப்பறி’யே நெருங்கி வருகிறது, வீட்டுக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது என்றாலும்.

சொற்பிறப்பும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. பதுங்கிச் செயல்படுவதைக் குறிக்கும் ‘ஸ்டெல்த்’, ‘ஸ்டீல்’ என்பதன் உறவுச்சொல். ‘ராப்’ என்பதற்கு உறவு, நீதிபதிகள் அணியும் அங்கியைக் குறிக்கும் ‘ரோப்’. அந்தச் சொல்லின் முதற்பொருள், பிறரிடமிருந்து பறித்த உடை என்பதுதான்.